போர்க்களத்திலிருந்து ஒரு பாவ அறிக்கை

சில ஆண்டுகளுக்கு முன், குடியரசு நாளன்று, நம் பங்குப் பள்ளியில் கொடியேற்று விழா நடைபெற்றது. 1971ஆம் ஆண்டுப் போரில் கிழக்கு எல்லையில் பணியாற்றி ஓய்வு பெற்ற முதியவர் ஒருவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தோம். ஞாயிறு திருப்பலிக்குத் தவறாமல் வருபவர். ஆலயத்தின் கடைசித் தூணோரம் நிற்பவர். நன்மை வாங்க மட்டும் முன்வராதவர். "பிள்ளைகளுக்கு வீரத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுங்கள், ஐயா" என்று கேட்டுக்கொண்டோம். ஒலிபெருக்கியின் முன் சற்று நேரம் பேசாமல் நின்றார். "எல்லாரும் நல்லாப் படிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்துகொண்டார். விழா முடிந்தபின் தாழ்வாரத்தில் நம்மை நெருங்கி, "சாமி, அங்க நடந்ததைச் சொன்னா பிள்ளைங்க கைதட்டாதுங்க" என்றார். நாமோ, "அதையெல்லாம் விடுங்கள் ஐயா, நாட்டுக்காகத்தானே செய்தீர்கள்" என்று ஆறுதல் கூறித் தேநீரை நீட்டினோம். அதற்குமேல் அவர் ஒன்றும் பேசவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் இறந்தார். அடக்கத் திருப்பலியின் மறையுரையில் அவரை மாவீரர் என்று புகழ்ந்தோம். கல்லறையிலிருந்து திரும்பும் வழியில்தான் அந்தத் தாழ்வாரம் நினைவுக்கு வந்தது. அவர் ஏதோ சொல்ல வந்தார். நமக்குக் கேட்க மனமில்லை. நாம் ஆறுதல் என்று எண்ணிக் கொடுத்தது, உண்மையில் கதவைச் சாத்தியதே ஆகும். போரில் ஆயுதம் ஏந்தியவர்கள் ஒளிவுமறைவின்றி எழுதிய தன்வரலாறுகளை அதன்பிறகே தேடி வாசிக்கத் தொடங்கினோம். அவற்றுள் சிலவற்றை இவ்விதழின் வாசகர்களுக்குப் பரிந்துரைப்பதும், அவற்றை எவ்வாறு எடைபோட்டு வாசிக்க வேண்டும் என்று கூறுவதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

பாடியவரும் போரிட்டவரும்

போரைப் பற்றிய இலக்கியத்திற்கு நம் மொழியில் பஞ்சமில்லை. புறநானூறு உண்டு, கலிங்கத்துப்பரணி உண்டு. களம் கண்ட அரசர் சிலரின் பாடல்களும் புறநானூற்றில் இடம்பெற்றுள்ளன. ஆயினும் பெரும்பகுதி, புரவலரைப் பாடிய புலவர்களின் வாய்மொழியே. வேலேந்திச் சென்ற எளிய மறவன் அன்றிரவு பாசறையில் என்ன நினைத்தான், முதன்முதலாக ஒருவனைக் கொன்றபோது அவன் கை நடுங்கியதா என்பதை அவனே சொல்ல நாம் கேட்டதில்லை. அவன் பெயரையும் பெருமையையும் நடுகல்லில் பொறித்தவர்கள் பிறர். கல்லில் பொறிக்கத் தகுந்தது எது, தகாதது எது என்று தீர்மானித்தவர்களும் பிறரே.

குருமடத்தில் நாம் பயின்ற அறநெறி இறையியலும் ஏறத்தாழ இப்படித்தான் இருந்தது. நீதியான போர் குறித்துப் புனித அகுஸ்தினார் தொடங்கி வைத்த சிந்தனையை, புனித அக்குயினா தோமையார் மூன்று நிபந்தனைகளாகத் தொகுத்துத் தந்தார். முதலாவது, போரை அறிவிப்பவருக்கு முறையான அதிகாரம் இருக்க வேண்டும். இரண்டாவது, தகுந்த காரணம் இருக்க வேண்டும். மூன்றாவது, போரிடுவோரின் நோக்கம் நேரியதாய் இருக்க வேண்டும். தேர்வில் இவற்றைப் பிழையின்றி எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம்.

முதல் இரண்டையும் அரசாணைகளையும் வரலாற்று ஏடுகளையும் கொண்டு ஆராயலாம். மூன்றாவதை எங்கே போய்த் தேடுவது? நோக்கம் என்பது உள்ளத்தில் உள்ளது. படைத்தலைவரின் அறிக்கையில் அது இராது. பதக்கச் சான்றிதழிலும் இராது. களத்தில் நின்றவன் தானே வாய்திறந்து சொன்னாலன்றி அதை அறிய முடியாது. ஆகவே, போரிட்டவர் உண்மையாக எழுதிய நூல், அறநெறி இறையியல் அந்த மூன்றாம் நிபந்தனையைப் பற்றிக் கேட்கக்கூடிய நேரடிச் சாட்சியம் ஆகிறது. இந்நூல்களைப் பொதுநிலையினரும் அருட்பணியாளரும் வாசிக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதற்கு இதுவே முதற்காரணம்.

விவிலியத்தின் பக்கங்களுக்கிடையே

நாம் முதலாவதாகப் பரிந்துரைப்பது, அமெரிக்கக் கடற்படைத் தரைப்படையில் பணியாற்றிய யூஜின் ஸ்லெட்ஜ் எழுதி 1981இல் வெளிவந்த 'வித் தி ஓல்ட் பிரீட்' என்னும் நூல். அலபாமா மாநிலத்து மருத்துவர் ஒருவரின் மகனான இவர், இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் சிறு பீரங்கிப் பிரிவில் போரிட்டார். 1944 செப்டம்பர் 15ஆம் நாள் பெலெலியு தீவில் இறங்கியபோது அவருக்கு வயது 20. சில நாட்களில் முடிந்துவிடும் என்று படைத்தலைவர் முன்னறிவித்த அச்சண்டை இரண்டு மாதங்களுக்குமேல் நீடித்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஒகினாவா. வீரர்கள் நாட்குறிப்பு எழுதுவதற்குத் தடை இருந்ததால், தம் சட்டைப்பையில் இருந்த புதிய ஏற்பாட்டுக்குள் அவர் குறிப்புகளை எழுதி வைத்தார். பின்னாளில் கல்லூரியில் உயிரியல் கற்பித்து அமைதியாக வாழ்ந்து, 2001இல் மறைந்தார். குறிப்புகள் நூலாவதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்குமேல் ஆயின.

இந்நூலில் வீரம் உண்டு; தோழமை உண்டு; தாம் தந்தையைப்போல் மதித்த படைத்தலைவர் ஹால்டேன் கொல்லப்பட்டதை நெஞ்சுருக எழுதும் பக்கமும் உண்டு. ஆனால் நம்மை நிறுத்தி வைத்தது வேறொரு நிகழ்ச்சி. இறந்த சப்பானிய வீரர்களின் வாயிலிருந்து தங்கப் பற்களைப் பெயர்த்தெடுப்பது அங்கே சிலரின் வழக்கமாகிவிட்டது. முதலில் அதைக் கண்டு அருவருத்த ஸ்லெட்ஜ், ஒரு நாள் தாமும் கத்தியை எடுத்துக்கொண்டு ஒரு சடலத்தின்மேல் குனிகிறார். அருகிலிருந்த மருத்துவ உதவியாளர் தடுக்கிறார். கிருமிகள் தொற்றிவிடும் என்பது அவர் கூறிய காரணம். கிருமியைப் பற்றி அந்த நண்பர் கவலைப்படவில்லை, தம் உள்ளம் முற்றிலும் மரத்துப் போகாமல் காக்கவே அப்படிச் சொன்னார் என்பது ஸ்லெட்ஜுக்குப் பின்னரே விளங்குகிறது.

இந்த நிகழ்ச்சியை அவர் எழுதாமலே விட்டிருக்கலாம். எழுதாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் பல்லைப் பெயர்க்கவும் இல்லை. ஆனால் கத்தியோடு குனிந்தது உண்மை. அதை அவர் மறைக்கவில்லை. மருத்துவரின் மகன், ஆலயத்திற்குச் செல்லும் குடும்பத்துப் பிள்ளை, சட்டைப்பையில் நற்செய்தியைச் சுமந்தவன், சில வாரங்களில் அந்த இடத்திற்கு எப்படி வந்து சேர்ந்தான் என்பதைப் படிப்படியாகக் காட்டுகிறார். தீமை ஒரே நாளில் மனிதனுக்குள் புகுவதில்லை, பழக்கத்தின் வழியாகவே புகுகிறது என்று நாம் மறையுரைகளில் சொல்வதுண்டு. அதை இத்தனைத் தெளிவாகக் காட்டிய நூலை நாம் அதிகம் கண்டதில்லை.

ஒகினாவாவில் நடந்த மற்றொன்று. குடிசை ஒன்றில் படுகாயமுற்றுக் கிடந்த மூதாட்டி, துப்பாக்கியின் முனையைத் தன் நெற்றியில் வைத்துத் தன்னைக் கொன்றுவிடும்படி சைகையால் கெஞ்சுகிறார். ஸ்லெட்ஜ் மறுத்து, மருத்துவ உதவியை அழைத்துவர ஓடுகிறார். அதற்குள் வேறொரு வீரன் உள்ளே சென்று மூதாட்டியைச் சுட்டுவிடுகிறான். ஸ்லெட்ஜ் கொதித்துப் போகிறார். எதிரியை வெறுக்கக் கற்றுக்கொண்ட அதே மனிதருக்குள் இந்தக் கொதிப்பும் அணையாமல் இருந்தது. இரண்டையும் ஒரே நூலில், ஒன்றைக் கொண்டு மற்றொன்றை மழுப்பாமல் எழுதியிருக்கிறார். அவருடைய நேர்மைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தாவீது எழுதிய மடல்

இரண்டாவது நூல், பிலிப் கேபுடோ எழுதி 1977இல் வெளிவந்த 'எ ரூமர் ஆஃப் வார்'. தலைப்பே மத்தேயு நற்செய்தியின் 24ஆம் அதிகாரத்தை நினைவூட்டுகிறது. கேபுடோ கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, சிக்காகோவில் இயேசு சபையினர் நடத்தும் லொயோலாப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 1965 மார்ச் 8ஆம் நாள், வியட்நாமின் தா நாங் நகரில் இறங்கிய முதல் அமெரிக்கத் தரைப்படைப் பிரிவில் இளநிலை அதிகாரியாக இருந்தார். அதே ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள்தான் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இன்றைய உலகில் திருச்சபை பற்றிய தன் கொள்கைத் திரட்டை வெளியிட்டு, நகரங்களை மக்களோடு அழிக்கும் முழுமைப் போரைக் கண்டித்தது.

நூலின் நடுப்பகுதியில் கேபுடோ, இறந்தவர், காயமுற்றவர் எண்ணிக்கையைப் பதிவு செய்யும் அலுவலராக இருந்ததை விவரிக்கிறார். இறுதிப் பகுதியே நூலின் இதயம். 1966இல், எதிரிப் படையைச் சார்ந்தவர்கள் என்று ஐயுற்ற இருவரை ஓர் ஊரிலிருந்து பிடித்துவரத் தம் வீரர்களை இரவில் அனுப்புகிறார். எதிர்த்தால் கொல்லுங்கள் என்பது ஆணை. வீரர்கள் இருவரையும் கொன்றுவிடுகின்றனர். கொல்லப்பட்டவர்களில் ஒருவன், முன்னதாக இவர்களுக்கே தகவல் தந்த இளைஞன் என்பது பிறகு தெரிய வருகிறது. கேபுடோ மீதும் வீரர்கள் மீதும் கொலைக் குற்றம் சாட்டப்படுகிறது. வழக்கின் முடிவில் அந்தக் குற்றச்சாட்டு கைவிடப்படுகிறது; பொய்ச் சாட்சியம் என்ற சிறு குற்றத்திற்காக ஒரு கண்டனக் கடிதத்தோடு அவர் விடுதலை பெறுகிறார்.

சட்டத்தின் கணக்கு அங்கே முடிந்தது. மனச்சான்றின் கணக்கு முடியவில்லை. ஆணையின் சொற்களில் குற்றமில்லை. ஆனால் அந்த இருவரும் சாகவேண்டும் என்ற விருப்பம் தம் உள்ளத்தில் இருந்தது, அதை வீரர்களும் உணர்ந்துகொண்டனர் என்று கேபுடோ தாமே எழுதுகிறார். எந்த நீதிமன்றமும் மெய்ப்பிக்க முடியாத ஒன்றை, விடுதலை பெற்ற பின், தாமே முன்வந்து உலகிற்குச் சொல்கிறார்.

சாமுவேல் இரண்டாம் நூலின் 11ஆம் அதிகாரம் இங்கே நினைவுக்கு வராமல் போகாது. தாவீது வாளை உருவவில்லை. யோவாபுக்கு ஒரு மடல் எழுதினார், அவ்வளவே. உரியாவைக் கொன்றது அம்மோனியரின் வாள். ஆயினும் இறைவாக்கினர் நாத்தான் யாரை நோக்கி விரலை நீட்டினார் என்பதை நாம் அறிவோம். திருப்பலியின் தொடக்கத்தில் மார்பில் தட்டி நாம் பாவத்தை அறிக்கையிடும்போது, செயலுக்கு முன்பாகவே சிந்தனையைக் குறிப்பிடுகிறோம். நம்மில் எத்தனை பேர் அச்சொல்லை நிறுத்தி நினைக்கிறோம்? கேபுடோவின் கடைசி அத்தியாயத்தை வாசித்த பின் நம்மால் அதை வேகமாகச் சொல்லிக் கடக்க இயலவில்லை.

இந்நூலில் ஒரு குறையும் உண்டு. நடந்ததற்கு அந்தப் போரின் இயல்பே காரணம் என்ற வாதத்தைக் கேபுடோ இடையிடையே முன்வைக்கிறார். அதில் உண்மை இருக்கிறது. என்றாலும் சில இடங்களில் விளக்கம் சாக்குப்போக்கின் எல்லையைத் தொட்டுவிடுகிறது. வாசகர் அந்த இடங்களைக் கவனித்துக் கடக்க வேண்டும்.

கண்ணின் நேர்மையும் மனச்சான்றின் நேர்மையும்

ஒளிவுமறைவின்றி எழுதப்பட்ட போர்நூல்கள் எல்லாம் ஒரே தரத்தன அல்ல. செருமானியப் படை அதிகாரி எர்ன்ஸ்ட் யுங்கர், முதல் உலகப் போர் அனுபவங்களை 1920இல் நூலாக வெளியிட்டார். எஃகுப் புயல் என்று பொருள்படும் தலைப்பைக் கொண்டது அது. பலமுறை காயமுற்று, பிரசிய நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கத்தைப் பெற்றவர் அவர். பதுங்குகுழியின் சேறு, நச்சுப்புகை, சிதறிய உடல் என எதையும் அவர் மறைப்பதில்லை. ஆயினும் பெரும்பகுதியில் அவர் எழுத்து குளிர்ந்திருக்கிறது. போர் அவருக்கு ஒரு பேரனுபவம். அதை வியந்து நோக்குகிறார். பிற்காலத்தில் அந்நூலைப் பலமுறை திருத்தினார். தாம் சுட்டு வீழ்த்திய இளம் ஆங்கிலேய வீரன் ஒருவனின் முகத்தைப் பிறகு பலமுறை நினைத்ததாகவும், அரசு நம் பொறுப்பை நீக்கினாலும் துயரத்தை நீக்க முடியாது என்றும் உணர்த்தும் இடம் ஒன்று அதில் உண்டு. அந்த ஓரிடத்தில் மட்டும் நூல் மூச்சுவிடுகிறது. 1996இல், நூறு வயதைக் கடந்த நிலையில், யுங்கர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார், 1998இல் இறந்தார். அந்த நீண்ட பயணத்தை அறிந்தே அவருடைய நூலை வாசிப்பது நல்லது.

ஆகவே, கண்ணின் நேர்மை வேறு. மனச்சான்றின் நேர்மை வேறு. கண்டதை எல்லாம் எழுதுவது முன்னது. அதில் தன் பங்கையும் எழுதுவது பின்னது. இவ்விரண்டையும் பிரித்தறிய நம் வாசகர்களிடம் ஓர் அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. புதுநன்மை வாங்கும் முன் சிறுவயதில் கற்றுக்கொண்ட பாடம் அது. நல்ல பாவ அறிக்கையில் ஒருவர் தம் பாவத்தைச் சொல்வார். அடுத்தவர் பாவத்தைச் சொல்லமாட்டார். பொதுவாகப் 'பாவம் செய்தேன்' என்று நழுவாமல், வகையும் எண்ணும் சொல்வார். தாம் தீங்கிழைத்தவரை ஒரு மனிதராக நினைவில் வைத்திருப்பார். போர்நூல் ஒன்றைக் கையிலெடுக்கும்போது இம்மூன்றையும் கேட்டுப் பாருங்கள். பிறர்மேல் மட்டும் பழிசுமத்தும் நூல் எவ்வளவு பரபரப்பாக இருந்தாலும் எளிதில் பிடிபட்டுவிடும்.

இந்த அளவுகோலுக்கு நம் மரபிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. 1521 மே மாதம் பாம்பலோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டால் கால் முறிந்த இலொயோலா இஞ்ஞாசியார், தம் வாழ்வை 1553 முதல் 1555 வரை கொன்சால்வெஸ் த காமரா என்ற துறவியிடம் சொல்லி எழுதச் செய்தார். முறிந்த கால் கூடியபின், எலும்பு துருத்திக்கொண்டு நின்றதால் நாகரிகக் காலணி அணிய முடியாதே என்று, மயக்க மருந்தில்லாத அந்தக் காலத்தில், எலும்பை அறுக்கச் சொன்னாராம். அதை வீரமாகச் சொல்லாமல் வீண்பெருமை என்றே சொல்கிறார். மனமாற்றத்திற்குப் பின்னும், அன்னை மரியாவை இழிவாகப் பேசிய ஒருவனைத் தொடர்ந்து சென்று குத்தலாமா என்று தயங்கி, முடிவைத் தம் கோவேறு கழுதையின் போக்கிற்கே விட்டதையும் மறைக்கவில்லை. புனிதர் தம்மைப் பற்றிச் சொன்னதற்கும் நாம் புனிதர்களைப் பற்றிச் சொல்வதற்கும் எவ்வளவு தூரம்!

நம் மொழியில்

தமிழிலும் இத்தகைய நூல்கள் வந்துள்ளன. விடுதலைப் புலிகள் இயக்கத்தில் மகளிர் அரசியல் பிரிவின் பொறுப்பாளராக இருந்த தமிழினி, 2015 அக்டோபரில் நோயால் இறந்தார். அவர் எழுதிய 'ஒரு கூர்வாளின் நிழலில்' அடுத்த ஆண்டு காலச்சுவடு பதிப்பகத்தின் வழியாக வெளிவந்தது. தாம் வாழ்வைக் கொடுத்த இயக்கத்தையும் அதில் தம் பங்கையும் கேள்விக்குள்ளாக்கும் நூல் அது. ஆசிரியர் மறைந்தபின் வந்ததால், அதன் எல்லா வரிகளும் அவருடையவைதாமா என்ற விவாதம் எழுந்தது. அந்த விவாதத்தையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். எப்பக்கம் நின்றாலும், தன் பக்கத்தையே கேள்வி கேட்பவரின் சொல்லைத் துரோகம் என்று கூறி மூடிவிடுவது எளிது. நாம் தாழ்வாரத்தில் செய்ததும் வேறு வகையில் அதுவேதான்.

சில எதிர்ப்புகள்

இவ்வளவு கொடுமையை வாசிப்பது ஆன்மாவுக்கு நல்லதா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. குருதியின் கிளர்ச்சிக்காகவே இவற்றை வாசிக்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். ஆகவே பதின்பருவத்தினர் கையில் இவற்றைத் தனியே கொடுத்துவிட வேண்டா. பெரியவர்களோடு சேர்ந்து வாசிக்கட்டும், வாசித்தபின் பேசட்டும்.

இன்னொரு குறையை நாமே சொல்லிவிட வேண்டும். இந்நூல்கள் எல்லாம் உயிர் பிழைத்துத் திரும்பியவர்கள் எழுதியவை. ஒகினாவா மூதாட்டி நூல் எழுதவில்லை. நள்ளிரவில் கொல்லப்பட்ட வியட்நாமிய இளைஞனும் எழுதவில்லை. கொன்றவரின் கண்ணீருக்கு நாம் இரங்கும்போது, கொல்லப்பட்டவர் அந்தப் பக்கத்திலிருந்து மறைந்துவிடும் ஆபத்து உண்டு. திருத்தந்தை பிரான்சிஸ் 2020இல் வெளியிட்ட 'ஃபிரத்தெல்லி தூத்தி' சுற்றுமடலில், போரைப் பற்றிய கோட்பாட்டு விவாதங்களோடு நின்றுவிடாமல், காயமுற்றோரைத் தொட்டுப் பார்க்கவும் அவர்கள் சொல்வதைக் கேட்கவும் நம்மை அழைத்தார். போரிட்டவரின் நூல் அந்த அழைப்பின் பாதியையே நிறைவேற்றும். மறுபாதிக்குப் பாதிக்கப்பட்டோரின் சாட்சியங்களை அதன் அருகிலேயே வைத்து வாசிக்க வேண்டும்.

நிறைவாக ஒன்று. பங்கு நூலகங்களில் புனிதர் வரலாறுகளுக்கு அருகே இந்நூல்களில் ஒன்றிரண்டேனும் இடம்பெறட்டும். ஆங்கிலம் அறிந்தோர் வாசித்து, அன்பியக் கூட்டத்தில் மற்றவர்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்லட்டும். அதைவிட முக்கியமானது, நம் ஆலயத்தின் கடைசித் தூணோரம் நிற்பவர்களைத் தேடிச் செல்வது. எல்லைகளில் பணியாற்றித் திரும்பியவர்கள் பல பங்குகளில் இருக்கிறார்கள். எல்லாரும் நூல் எழுதப் போவதில்லை. ஒரு மாலைப்பொழுதில், புகழாமலும் தீர்ப்பிடாமலும், அவர் அருகில் அமர்ந்து, "அங்கே என்ன நடந்தது, ஐயா?" என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பது நம்மால் இயலும். நாம் ஒருவருக்கு அதைச் செய்யத் தவறினோம். அவர் நன்மை வாங்காமல் நின்ற இடம் நம் ஆலயத்தில் இன்றும் வெறுமையாகத்தான் இருக்கிறது.